நாத்தனாரின் திரைக்கதைக்கு நான் தேடிப் பிடித்த சாப்ட்வேர்

என் நாத்தனார் செருப்போடு என் கடைக்குள் நுழைந்தது அந்த ஒரு நாள் மட்டும்தான். தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் எட்டுக்குப் பத்து அறையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, தாசில்தாருக்கு மனு என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் தெருப்புழுதி வரக்கூடாது என்பது என் சட்டம். கவுன்சிலரே வந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அந்தச் சட்டத்தை அன்று மதியம் மிதித்துக்கொண்டு உள்ளே வந்து, கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டி, "அண்ணி, படிச்சுப் பாரு. கேட்டுட்டாங்க" என்றாள். என் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். மூடியைப் போடாமல் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் இணையத் தொடர் எடுக்கும் ஒரு கம்பெனியின் கதை இலாகாவிலிருந்து வந்திருந்தது அந்தச் செய்தி. அவள் அனுப்பிய ஒரு பக்கக் கதை பிடித்திருக்கிறதாம். முழுத் திரைக்கதையும் வேண்டுமாம். குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கிற கதையாக இருக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம் திங்கட்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. ஒருவர் ஒரு முறைதான் அனுப்பலாம். தேர்வானால் அவர்களுடைய எழுத்தாளர் குழுவில் சேர்ந்து வேலை பார்க்கலாம். எல்லாம் சரி, கடைசி வரியில்தான் வேட்டு வைத்திருந்தார்கள்: கையெழுத்துப் பிரதி ஏற்கப்பட மாட்டாது, திரைக்கதை எழுதுவதற்கென்றே உள்ள மென்பொருள் ஒன்றில் அடித்து அனுப்பவேண்டும்.

நாத்தனார் என்றதும் டிவி சீரியலில் கண்ணை உருட்டுகிறவளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவள் என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஒரு பட்டு ஜவுளிக் கடையின் டிசைன் அறையில் அப்போது வேலை. புடவைக் கரையில் ஓடுகிற மயிலும் யாளியும் தறிக்குப் போவதற்கு முன்னால் கட்டம் கட்டமாக வரையப்பட வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழை. முதலில் தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு கம்ப்யூட்டரில் வைத்தாள். பகலெல்லாம் மயிலுக்குப் புள்ளி, வீட்டுக்கு வந்தால் கதை. ஆறு வருஷமாக எழுதி எழுதி எங்கெங்கோ அனுப்பினாள். ஓர் இடத்திலிருந்தும் பதில் வந்ததில்லை. "கெணத்துல கல்லு போட்டாகூட டொபுக்குனு ஒரு சத்தம் கேக்கும் அண்ணி, இவங்க கிட்ட அதுகூட இல்ல" என்பாள். இப்போதுதான் முதல்முறையாகச் சத்தம் கேட்டிருந்தது. இதுவும் கைநழுவினால் இனிமேல் அவள் எழுதமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளே சொன்னாள், "இதோட விட்டுடலாம்னு இருந்தேன் அண்ணி, நேத்துதான் முடிவு பண்ணேன்."

"நீ போய் கதையை முடி. சாப்ட்வேரு என் பொறுப்பு" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே! பத்து வருஷமாக டிடிபி பார்க்கிறவள், தமிழ் ஃபாண்ட் எத்தனை உண்டோ அத்தனையோடும் குடுமிப்பிடிச் சண்டை போட்டவள், எனக்குத் தெரியாத சாப்ட்வேரா என்ற திமிர்.

முதலில் உலகமே கும்பிடுகிற வெளிநாட்டுச் சரக்கை இறக்கினேன். சில நாள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள். நாத்தனாரின் நோட்டிலிருந்து ஒரு வசனத்தைத் தமிழில் அடித்தேன். கொம்பு ஒரு பக்கம் நின்றது, எழுத்து ஒரு பக்கம் நின்றது, புள்ளி எல்லாம் தலைக்கு மேலே தனியாகப் பறந்தன. பாத்திரத்தின் பெயரைக் கேபிடல் எழுத்தில் மாற்றப் பார்த்துவிட்டு, முடியாமல், பெட்டியைக் காலியாகவே விட்டது. தமிழில் கேபிடல் எழுத்துக்கு அது எங்கே போகும், பாவம். அதை அழித்துவிட்டு, இணையத்தில் சும்மா கிடைக்கிற இன்னொன்றைப் பிடித்தேன். அதில் தமிழ் ஓரளவு உட்கார்ந்தது. ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டுப் பதில் வாங்காமல் அடுத்த வரிக்கு விடவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வாசப்படியில நின்னுக்கினு சண்டை போடறாங்க அண்ணி. ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய. இதுக்கு இன்னா போடுவ?" என்றாள். நான் உள்ளே என்று போட்டேன், அவள் வெளியே என்றாள், அதற்கே எங்களுக்குள் அரை மணி நேரம் போனது. சில பக்கம் தாண்டியதும் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே தன் பெயரைக் கோணலாக முத்திரை குத்திக்கொண்டது அந்தச் சாப்ட்வேர். அட போ என்று அதையும் மூடினேன்.

மூன்றாவது ஒன்று ரொம்ப கெட்டிக்காரச் சாப்ட்வேர். நாம் இரண்டு வரி அடித்தால் மீதியை அதுவே எழுதித் தரும். "அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை" என்று அடித்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அண்ணியும் நாத்தனாரும் மலைப்பிரதேசத்தில் காபி கடையில் சந்தித்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வாழ்க்கை ஒரு பயணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் அதைப் படித்துவிட்டு, "நம்ம பிள்ளையார்பாளையத்துல எந்த மலை இருக்குது?" என்று கேட்டாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஒன்றும் புரியாமல் தன் ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, இடது பக்கம் கண்ணில் படுவதையும் வலது பக்கம் காதில் விழுவதையும் எழுதுவாள். தமிழ் சினிமாவில் பழைய ஆட்கள் அப்படித்தான் எழுதினார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்த சாப்ட்வேர்களோ எல்லாவற்றையும் நடுவில் கொட்டின. "யாரு பேசறாங்க, எது நடக்குதுன்னு கண்ணு தேடிக்கினே இருக்குது" என்று முகம் சுளித்தாள். பேசாமல் அவளுடைய புடவை டிசைன் சாப்ட்வேரிலேயே அடித்துவிடலாமா என்று ஒரு யோசனையும் வந்தது. அதில் பத்தி பத்தியாகப் பிரிக்க வசதி உண்டு. அடித்துப் பார்த்தோம். "வாங்க, சாப்பிடலாம்" என்ற ஒரு வசனம் முந்தானை அகலத்துக்கு வந்து நின்றது.

ஆறாம் நாள் கிடைத்தது நான் தேடியது. யாரோ நம் ஊர்ப் பிள்ளைகள் செய்திருக்க வேண்டும். தமிழ் எழுத்து அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்தது. நடுக்கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காட்சிகளுக்கு அதுவே எண் போட்டுக்கொள்ளும். நடுவில் ஒன்றைச் சொருகினால் மற்றவை நகர்ந்து தாமாகவே எண்ணை மாற்றிக்கொள்ளும். எனக்குத் தலைகால் புரியவில்லை. டிசைன் அறைக்கே போன் போட்டுச் சொன்னேன். "இனிமே தாளுல சீன் நம்பர் போடாத. நீ ஒண்ணு போட்டு அது ஒண்ணு போட்டா எனக்குக் கொழம்பும்." அவள் தயங்கினாள். "ஒண்ணுமே போட வேணாவா?" "வேணாம்மா. அப்புறம் சாப்ட்வேரு எதுக்கு இருக்குது?" என்றேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றும்.

சனிக்கிழமை சாயங்காலம் கதையைக் கொண்டுவந்தாள். ஒரு காட்சிக்கு ஒரு தாள், மொத்தம் அறுபத்திரண்டு. என் கடை ஃபேன் காற்றில் தாள்கள் பறந்து கலைந்துவிடும் என்று பயந்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டி, பாய் போலச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். டிசைன் அறையில் பெரிய முந்தானைக்கு வரைகிற தாள்களை அப்படித்தான் ஒட்டிச் சுருட்டி வைப்பார்களாம். "மூணு பொடவ நீளம் வருது அண்ணி" என்று பெருமையாகச் சொன்னாள். அவளுக்கு ஞாயிறும் திங்களும் வேலை. கல்யாண ஆர்டர் ஒன்று தலைக்கு மேல் நின்றது. சுருளை என்னிடம் கொடுத்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சுருளின் வெளி நுனியைப் பிடித்து ஸ்டாண்டில் க்ளிப் போட்டு மாட்டி அடிக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சாப்ட்வேர் எண் போட்டுக்கொண்டே வந்தது. என்ன வேகம் என்கிறீர்கள்! பார்த்து டைப் அடிக்கிறவளுக்குக் கண் எழுத்தைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது. சாவுக்கும் சடங்குக்கும் ஒரே முகத்தோடு அடிக்கிறவள் நான். ஒற்றெழுத்து விழுந்ததா, வசனம் கோட்டைத் தாண்டுகிறதா என்பதில்தான் என் உயிர் இருந்தது. வீட்டில் இரண்டு நாளும் சோறு பொங்கியது என் வீட்டுக்காரர்தான். திங்கட்கிழமை நாலே முக்காலுக்குக் கடைசித் தாளை முடித்தபோது என் விரல்கள் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. நாத்தனார் சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஒரு தபா நான் பாத்துக்கட்டா?" என்றாள். "ஏன், எம்மேல நம்பிக்க இல்லியா?" என்றேன் நான். அவள் உடனே கையை எடுத்துவிட்டாள். ஐந்தாக எட்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினோம். எதிர்க்கடையில் ஆளுக்கு இரண்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். காரத்தில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, அல்லது காரத்தில் என்று சொன்னாள்.

வியாழக்கிழமை மதியம் கதை இலாகாவிலிருந்து போன் வந்தபோது அவள் என் கடையில்தான் இருந்தாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டரில் வைத்தாள். பேசியவர் நடுத்தர வயதுக்காரர், பக்குவமான குரல். "எழுத்து ரொம்ப நல்லா இருக்கும்மா. அதனாலதான் மெயில் போடாம நானே கூப்பிட்டேன். ஆனா நாங்க கேட்டது சிரிக்கிற கதை. இது மனச உடைக்குதே" என்றார். நாத்தனார் என்னைப் பார்த்தாள். அவர் தொடர்ந்தார். "ரெண்டு பொம்பளைங்க கட்டிப் பிடிச்சுக்கறதுல ஆரம்பிக்குது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பேச்சு கொறையுது. கடைசியில ஒருத்திய ஒருத்தி பதருன்னு சொல்றதோட படமே முடிஞ்சிடுது. நான்-லீனியரா, கதைய முன்னபின்ன மாத்திப் பண்ணியிருக்கீங்கன்னு புரியுது. ஆனா வீட்டுல உக்காந்து பாக்கறவங்களுக்கு ரொம்ப பாரமா இருக்கும். இந்தத் தடவ முடியாதும்மா. மன்னிச்சிடுங்க."

"சார், அது மொத சீன் சார்" என்றாள் நாத்தனார்.

நான் குனிந்து பார்த்தேன். சுருள் மேஜைக்கடியில்தான் கிடந்தது. ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. தறியில் முதலில் நெய்தது படமரம் என்கிற உருளையில் சுற்றி உள்ளே போய்விடும். கடைசியாக நெய்தது வெளியே நிற்கும். டிசைன் தாளிலும் அடிவரிதான் முதல் வரி, நெசவு அங்கிருந்து மேலே ஏறும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள், முதல் காட்சியை அடியில் வைத்து, அடுத்ததை அதன் தலைமேல் ஒட்டி, ஆரம்பத்தை உள்ளே வைத்துச் சுருட்டியிருக்கிறாள். அவளுக்கு அதில் சொல்ல வேண்டியது என்று ஒன்றுமே இல்லை. சோற்றை வலது கையால் சாப்பிடு என்று யாராவது எழுதி வைப்பார்களா? நான் தென்னேரிக்காரி, ஏரிக்கரை விவசாயி மகள். நெசவாளி வீட்டில் வாழ்க்கைப்பட்டு எட்டு வருஷம் ஆகியும், வெளி நுனியைப் பிடித்து அறுபத்திரண்டு காட்சியையும் தலைகீழாக அடித்து அனுப்பியிருக்கிறேன். நான் கொண்டாடிய சாப்ட்வேரும் கேள்வியே கேட்காமல் ஒன்றிலிருந்து அறுபத்திரண்டு வரை எண் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு தடவை கதையாகப் படித்திருந்தால் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். சாப்ட்வேர் தேட ஆறு நாள் செலவழித்த நான் கதையைப் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை.

அந்தப் பதர் என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு விசேஷப் பந்தியில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "எங்க அண்ணிக்குப் பட்டு எது, பாலியஸ்டர் எதுன்னு தெரியாது" என்று இவள் சொல்லிவிட்டாள். பந்தியே சிரித்தது. நான் விடுவேனா? "பட்டு தெரியாதுதான். ஆனா எங்க தென்னேரியில நெல்லு எது, பதரு எதுன்னு பாத்த ஒடனே சொல்லிடுவோம். தோ, ஒரு பதரு பேசிக்கினு இருக்குது" என்றேன். பந்தி இன்னும் பலமாகச் சிரித்தது. அன்றிலிருந்து பதினோரு மாதம் நாங்கள் பேசவில்லை. ஒரே சமையலறை, ஒரே டிவி. "ஒங்க மருமகள ரிமோட்டக் குடுக்கச் சொல்லும்மா" என்று அவளும், "ஒங்க பொண்ண வந்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்று நானும் மாமியாரைப் போட்டு அலைக்கழித்தோம். ஒரு நாள் நெடுநேரம் மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "கரெண்டு வந்துடுச்சு!" என்று கத்திவிட்டோம். அவ்வளவுதான், பேச்சு வந்துவிட்டது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. போனில் அந்த மனிதர் பதர் என்று சொன்ன பிறகுதான், இரண்டு நாளாக நான் அடித்தது எங்கள் வீட்டுக் கதை என்றே எனக்கு உறைத்தது.

"சார், தப்பு என்னுது சார். இவ ஒழுங்காத்தான் எழுதினா. அடிச்சது நான், தலைகீழா அடிச்சிட்டேன். இப்பவே நேராக்கி அனுப்பிடறேன்" என்று நான் போனைப் பார்த்துக் கும்பிட்டபடியே கத்தினேன். அவர் பெருமூச்சு விட்டார். ஒருவர் ஒரு முறைதான், புதுக் கோப்பு வாங்கினால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், சாயங்காலம் பட்டியல் மேலே போயாக வேண்டும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருஷம் எழுதியவளின் வாயில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே! அவள் என்னை ஒரு சொல் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் போனை நெருங்கிக் குனிந்தாள்.

"புது ஃபைலு வேணாம் சார். ஒங்க கைல இருக்கறதையே கடைசி சீன்லேர்ந்து ஒண்ணொண்ணா முன்னாடி வாங்க. ஒரு எழுத்து மாறாது."

"அறுபத்திரண்டுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் பின்னாடியே வரச் சொல்றீங்களா?"

"ஆமா சார். எங்க ஊருல அடியிலேர்ந்துதான் ஆரம்பிப்போம்."

அந்தப் பக்கம் லேசாகச் சிரிப்பது கேட்டது. "சரிம்மா, மத்தியானம் எனக்கு வேற மீட்டிங் இல்ல. பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அவள் கிளம்பி வேலைக்குப் போகவில்லை. நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை எதையும் தொடவில்லை. பிரிண்ட் எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து நானும் படிக்க ஆரம்பித்தேன். அறுபத்திரண்டாம் காட்சியில் பந்தி. பிறகு அந்த வீட்டில் ஒரே தறி. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாகக் கோர்வைப் புடவை நெய்கிறார்கள். அதற்கு ஆள் இரண்டு வேண்டும். நூல் சுற்றிய நாடாவை உடலுக்கு ஒருத்தி எறிய, கரைக்கு இன்னொருத்தி எறிய வேண்டும். பேசிக்கொள்ளாத இரண்டு பேர் எப்படி நெய்வார்கள்? நூல் அறுந்தால் ஒருத்தி இருமுகிறாள். நாடாவை நிறுத்த மற்றவள் பக்கத்து வீட்டு ஆட்டைத் திட்டுகிறாள். ஆட்டுக்காரி சண்டைக்கு வருகிறாள். நடுவில் மாமியார் ஒருத்தி, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லிச் சொல்லி, கடைசியில் தன் பேச்சையே மறந்துபோகிறாள். நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். இதையெல்லாம் என் விரல்தானே அடித்தது, அப்போது ஏன் ஒரு சிரிப்பும் வரவில்லை என்று வெட்கமாகவும் இருந்தது. ஐந்தரை மணிக்கு நான் முதல் பக்கத்துக்கு வரும்போது போன் அடித்தது.

அவர் சிரித்துக்கொண்டேதான் பேசினார். "பந்தியிலயே உழுந்துட்டேன்மா. அந்த நெல்லு, பதரு வசனத்துக்கு எழுந்து நின்னு சிரிச்சேன், பக்கத்து ரூம்லேர்ந்து வந்து கேட்டாங்க. திங்கக்கிழமை காலையில ஆபீசுக்கு வந்துடுங்க" என்றார். அதோடு விடவில்லை. "வரும்போது நேரா ஒரு காப்பி அடிச்சுக் கொண்டாங்க. எங்க பெரியவரு பின்னாடியிலேர்ந்து படிக்க மாட்டாரு." நாத்தனார் "சரி சார், சரி சார்" என்று பத்து தடவை சொன்னாள். போனை வைத்ததும் கவுண்டரில் தலை கவிழ்ந்து அழுதாள், நிமிர்ந்து சிரித்தாள், மறுபடி அழுதாள்.

இப்போது அவள் வாரத்தில் ஐந்து நாள் சென்னையில் இருக்கிறாள். சனிக்கிழமை பஸ் பிடித்து வருவாள். அவள் எழுதிய தொடர் வந்த பிறகு என் டிடிபி சென்டருக்குப் புது மவுசு. முசரவாக்கத்திலிருந்தும் கூரத்திலிருந்தும்கூட இளவட்டங்கள் வந்து, "அக்கா, ஸ்கிரிப்ட் எழுத எந்த சாப்ட்வேரு பெஸ்ட்டு?" என்று கேட்கிறார்கள். நான் சாப்ட்வேர் பெயரைச் சொல்வதற்கு முன்னால், கதையை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை எனக்குப் படித்துக் காட்டு என்கிறேன். பாதிப் பேர் நோட்டு கொண்டுவந்திருக்க மாட்டார்கள். கொண்டுவந்தவர்களுக்கு என் செலவில் டீ உண்டு. தாள் எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அடிக்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

அன்று போன் வைத்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் கையில் அந்தக் கடைசிக் காட்சி இருந்தது, அதாவது நான் முதலாவதாக அடித்த காட்சி. அதில் தறி மேல் விளக்கு எரிகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "கரெண்டு வந்துடுச்சு" என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது. கதையில் முடியவில்லை. நாத்தனார்க்காரி நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, அன்னிக்குப் பந்தியில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. புதுசா வந்த பொண்ணப் பாத்து நாலு பேரு சிரிக்கற மாதிரி பண்ணிட்டேன். இன்னிக்கு வரைக்கும் உறுத்திக்கினே இருக்குது" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதை நான்தான் அடித்தேன். வலது பக்கக் கோட்டைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். தாளை அவள் பக்கம் திருப்பி, "இத நேரா வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொல்ல வாய் வரல அண்ணி. அதான் அறுபத்திரண்டு சீன் சுத்திக்கினு வந்தேன்" என்றாள்.

எட்டு வருஷமாக நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேனே. "பதருன்னு சொன்னது என் தப்புதான். அத இப்பவே வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன்.

அவள் துள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி, வாபஸ் கீபஸ் வாங்கிடாத! அதுக்குத்தான் அந்த ஆளு எழுந்து நின்னு சிரிச்சாரு."